கேமரன் மலைக் கடலைக்கு யார் பொறுப்பு?

கேமரன் மலைத் தோட்டங்களுக்கு ஏறி வரும் நிலக்கடலை எந்த நாட்டில் விளைந்தது என்று அதை விற்கும் கடைக்காரருக்குத் தெரியாது. எப்போது உரித்தார்கள், எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று வாங்கும் தொழிலாளிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது மலேசியச் சுகாதார அமைச்சுக்கு. தெரிந்திருந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை என்று பதில் சொல்ல வேண்டும்.

இரண்டும் நடக்கவில்லை.

கடையில் கடலைச் சாக்கின் வாயை உருட்டி மடித்துத் தரையில் நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில் நெத்திலி, வெங்காயம், உப்பு. அள்ளிப் போட ஒரு தகரக் குவளை. அந்தக் கடலையில் ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுருங்கிப் போன பருப்பு சில கிடக்கும். தோல் கறுத்தது சில கிடக்கும். அப்படி ஒன்றைப் பிளந்தால் இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள குழிவில் சாம்பல் கலந்த பச்சையில் தூள் படிந்திருக்கும். ஊதினால் பறக்கும். தெரியாமல் மென்றால் நாக்கில் கசக்கும். கசந்ததைத் துப்பிவிட்டு அடுத்ததை வாயில் போடுவது நம் பழக்கம்.

துப்பினால் தீர்கிற காரியம் அல்ல இது.

அந்தப் பச்சைத் தூள் ஒரு பூஞ்சணம். பெயர் அஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ். அது கக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகையில் வைத்திருக்கிறது. மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று நிறுவப்பட்ட பொருள்களின் வகை அது. புகையிலை அந்த வகை. ஆஸ்பெஸ்டாஸ் அந்த வகை. நம் பிள்ளைகளின் நாசி லெமாக்கில் நெத்திலியோடு கிடக்கும் கடலையிலும் அதே வகை நஞ்சு வரக்கூடும் என்பது அமைச்சுக்குப் புதிய செய்தி அல்ல.

1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தேடியவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். நஞ்சுக்குப் பெயர் வைத்தது அதன் பிறகுதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த ஆபத்து இது. இதில் எந்த அதிகாரியும் அறியாமையைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மலேசிய அதிகாரிக்கு இன்னொரு காரணத்தாலும் அந்த வாய்ப்பு இல்லை. 1988 அக்டோபரில் பேராக் மாநிலத்தில் 13 குழந்தைகள் இறந்தார்கள். வாந்தி, காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு. கல்லீரல் செயலிழந்து மூளையைத் தாக்கியது. சாவதற்குச் சில மணி நேரம் முன்பு அவர்கள் லோ சீ ஃபன் என்ற அரிசி நூடல்ஸ் சாப்பிட்டிருந்தார்கள். அது கம்பாரில் இருந்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. இறந்த குழந்தைகளின் உடலில் அஃப்ளாடாக்சின் இருந்தது. போரிக் அமிலமும் இருந்தது. ஆராய்ந்த மருத்துவர்கள் எல்லாவற்றையும் அனைத்துலக மருத்துவ இதழ்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கம்பார் எங்கோ இருக்கும் ஊர் அல்ல. தாப்பாவுக்குப் பக்கத்து ஊர். தாப்பாவிலிருந்துதான் 59ஆம் எண் சாலை கேமரன் மலைக்கு ஏறுகிறது. 13 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணைத் தாண்டித்தான் தோட்டத்துக் கடலை மூட்டை மேலே வருகிறது.

அன்று வந்தது நூடல்ஸ், இன்று நாம் பேசுவது கடலை என்று யாரும் பிரித்துக் காட்ட வேண்டாம். நஞ்சு ஒன்றுதான். ஒரே நாளில் மொத்தமாக உள்ளே போனால் பிணம் விழுகிறது, ஊர் கூடுகிறது, அமைச்சர் வருகிறார். கொஞ்சம் கொஞ்சமாக இருபது ஆண்டு போனால் கல்லீரலில் புற்று வருகிறது. அப்போது யாரும் வருவதில்லை. இறப்புச் சான்றிதழில் கடலையின் பெயர் ஏறுவதில்லை. அமைச்சின் அசட்டைக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983இல் உணவுச் சட்டம் வந்தது. 1985இல் உணவு விதிமுறைகள் வந்தன. மறுபடியும் பக்குவப்படுத்தப் போகும் உரித்த கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருக்கலாம். அப்படியே தின்னும் கடலையில் 10 வரை. குழந்தை உணவில் 0.1 மட்டுமே. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். அந்த அளவுக்கு நுணுக்கமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். உடலுக்குக் கேடு செய்யும் பொருள் கலந்த உணவை விற்றால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உணவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

கோடு போட்டவர்கள் அந்தக் கோட்டை மலைக்கு எடுத்து வரவில்லை.

மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் கடலை வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை அல்ல, பல முறை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல மாநிலங்களில் விற்ற பச்சைக் கடலையை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலான மாதிரிகளில் நஞ்சு இருந்தது. ஒரு பகுதி சட்டம் வகுத்த வரம்பையே தாண்டியிருந்தது. இவை மறைத்து வைத்த அறிக்கைகள் அல்ல. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களின் வேலை. ஆய்வாளர் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கிக் கண்டுபிடித்ததை அதிகாரம் கையில் உள்ள அமைச்சு ஏன் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை? கண்டுபிடித்திருந்தால் அந்த மூட்டைகள் ஏன் கடையில் இருந்தன?

மலேசியா தின்னும் கடலையில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. இந்தியாவிலிருந்து வருகிறது, சீனாவிலிருந்து வருகிறது. கப்பலில் வாரக்கணக்கில் கிடந்து கிளாங் துறைமுகத்தில் இறங்குகிறது. இந்தியக் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கண்காணிப்புப் பட்டியல் வைத்து எல்லையிலேயே மாதிரி எடுக்கிறது. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா இந்தியக் கடலை இறக்குமதியை நிறுத்தி வைத்தது. காரணம் அஃப்ளாடாக்சின். இந்தியக் கடலையை மிக அதிகமாக வாங்கிக்கொண்டிருந்த நாடே கதவைச் சாத்தியது. பக்கத்து நாடு கதவைச் சாத்தினால் திரும்பிய சரக்கு வேறு துறைமுகம் தேடும். அந்த வாரம் கிளாங் துறைமுகத்தில் கூடுதலாக எத்தனை பெட்டகம் திறந்து பார்த்தார்கள்? எத்தனை திருப்பி அனுப்பினார்கள்? அமைச்சு சொல்லட்டும்.

இறக்குமதி உணவைக் கண்காணிக்க ஃபோசிம் என்று ஒரு கணினி முறை இருக்கிறது. ஆபத்தின் அளவைப் பார்த்துச் சரக்கை வகைப்படுத்தும். சிலவற்றைத் தாளை மட்டும் பார்த்து விடும். சிலவற்றை நிறுத்தி, சோதித்து, முடிவு வந்த பிறகு விடும். கடலை எப்போதும் இரண்டாவது வரிசையில்தான் நிற்க வேண்டும். நிறுத்து, சோதி, பிறகு விடு. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும்.

சோதிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்று கெட்டிருக்கும். அந்த ஒன்றில் நஞ்சு அளவுக்கு மீறி ஏறியிருக்கும். மூட்டையின் மேல்வாயில் ஒரு கை அள்ளிச் சோதித்தால் அந்தப் பருப்பு கையில் வராது. சான்றிதழ் மட்டும் வரும். அனைத்துலக உணவுத் தர நெறி இதை அறிந்துதான் ஒரு தொகுதிக்கு 20 கிலோ மாதிரி எடுத்து மொத்தமாக அரைத்துப் பார்க்கச் சொல்கிறது. கையளவு கடலையில் கிடைத்த சான்றிதழைக் காட்டி யாரும் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம்.

தாப்பாவிலும் ஈப்போவிலும் வெயிலில் கிடக்கும் கிடங்குகளிலிருந்து சாக்கு லாரியில் ஏறுகிறது. சமவெளியில் சூடு, நீராவி கலந்த காற்று. வளைந்து வளைந்து ஏறி ரிங்லெட்டைத் தாண்டினால் குளிர். தானா ராத்தா, பிரிஞ்சாங் போய்ச் சேரும்போது சாக்குக்குள் இருந்த சூடான காற்று குளிர்ந்து நீராக மாறுகிறது. அந்த ஈரம் கடலையில் இறங்குகிறது. மேலே மழை, மூடுபனி. கடையில் சிமெண்டுத் தரை. சாக்கு அந்தத் தரையிலேயே நிற்கிறது.

மலையில் குளிர், பூஞ்சணம் வளராது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில். நஞ்சு சமவெளியிலேயே உருவாகி வந்துவிடுகிறது. குளிர் அதை அழிக்காது. வறுத்தாலும் அது முழுதாக அழியாது, அவித்தாலும் அழியாது. வீட்டுச் சட்டியில் எட்டாத சூடு வேண்டும் அதைச் சிதைக்க. அம்மா எவ்வளவு கருகக் கருக வறுத்தாலும் இந்த நஞ்சுக்கு எதிராக அடுப்படியில் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே பொறுப்பை அடுப்படிக்குத் தள்ளும் பேச்சை அதிகாரிகள் இன்றோடு நிறுத்த வேண்டும். ‘பார்த்து வாங்குங்கள்’ என்பது அறிவுரை. கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பார்த்து வாங்கச் சொல்வது கைகழுவல்.

ஜே. ஏ. ரசல் 1929இல் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டு இந்த மலை ஒரு கலையை அறிந்திருக்கிறது. ஈரத்தை அளக்கும் கலை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திப் பெட்டிக்குப் போகும்போது அது 3 விழுக்காட்டளவில் நிற்கிறது. ஒரு விழுக்காடு கூடினால் ஆலையில் குரல் கேட்கும். தொகுதிக்கு எண் உண்டு. தேதி உண்டு. சுவைத்துப் பார்க்க ஆள் உண்டு. ஈரம் புகாத உறை உண்டு. எந்த நாள் கொழுந்து எந்தப் பெட்டியில் போனது என்று கேட்டால் ஏட்டைப் புரட்டிச் சொல்வார்கள்.

அந்தக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்த கை வீட்டுக்கு வாங்கிப் போகும் கடலைக்கு எண் இல்லை. தேதி இல்லை. உறை இல்லை. உரித்த கடலை 7 விழுக்காடு ஈரத்துக்குள் இருந்தால் பூஞ்சணத்துக்கு இடமில்லை. அதை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். தேயிலையை அளக்கத் தெரிந்த மலையில் கடலையை அளக்க ஆள் இல்லையாம்.

மலையிலிருந்து இறங்கும் சரக்குக்கும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. கேமரன் மலைக் காய்கறி சிங்கப்பூருக்குப் போனால் அங்கே பூச்சிமருந்து எச்சம் சோதிக்கிறார்கள். மீறினால் சரக்கு நிற்கும். இறங்குகிற சரக்குக்கு அவ்வளவு கவனம். ஏறுகிற சரக்குக்கு ஏன் இல்லை? ஏறுகிற சரக்கைத் தின்பவர்கள் தோட்டத் தொழிலாளிகள் என்பதாலா? தமிழரும் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் என்பதாலா? இந்தக் கேள்வி கசப்பானது. கசப்பைத் தவிர்க்க வேண்டுமானால் கேள்விக்கு இடம் தராமல் நடந்திருக்க வேண்டும்.

இதில் எல்லைத் தகராறு ஒன்றைச் சொல்லித் தப்பும் வழக்கமும் இருக்கிறது. மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. அதன் சுகாதார இலாகா கிழக்குக் கரையில் குவாந்தானில் இருக்கிறது. சரக்கு வருவதோ மேற்கே பேராக்கிலிருந்து, தாப்பா வழியிலும் சிம்பாங் பூலாய் வழியிலும். மொத்த வியாபாரி ஒரு மாநிலம், சில்லறைக் கடை வேறு மாநிலம். இவரைக் கேட்டால் அவரைக் கைகாட்டுவது, அவரைக் கேட்டால் இவரைக் கைகாட்டுவது.

இந்த ஆட்டம் செல்லாது. மலேசியாவில் சுகாதாரம் கூட்டரசின் பொறுப்பு. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே அமைச்சு. ஒரே உணவுச் சட்டம். ஒரே உணவுப் பாதுகாப்பு, தரப் பிரிவு. ஈப்போவில் உள்ள அதிகாரியும் தானா ராத்தாவில் உள்ள அதிகாரியும் ஒரே அமைச்சில் சம்பளம் வாங்குகிறார்கள். கிடங்கில் சோதித்தவர் தொகுதி எண்ணை மலைக்கு அனுப்ப ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதைச் செய்யாததற்கு மாநில எல்லை காரணம் ஆகாது.

யார் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பெயரிட்டே சொல்வோம்.

சுகாதார அமைச்சு முதலில். துறைமுகத்தில் விட்டது அது. கடையில் பார்க்காதது அது. சோதனை முடிவைத் தொகுதி எண்ணோடும் இறக்குமதியாளர் பெயரோடும் தோட்ட மக்கள் படிக்கும் மொழியில் கொண்டுவந்து சேர்க்காதது அது. முடிவை அலமாரியில் பூட்டி வைக்கவா சோதனை?

கேமரன் மலை மாவட்ட மன்றம் அடுத்து. கடைக்கு உரிமம் தருவது மன்றம். உரிமம் தரும்போது கடையின் பெயர்ப் பலகை எத்தனை அடி என்று பார்க்கிறார்கள். தானியச் சாக்கு தரையில் நிற்கிறதா, பலகை மேல் நிற்கிறதா என்று பார்ப்பதும் அதே வேலைதான். ஒரு மரப்பலகையின் விலை எவ்வளவு? அதைக் கட்டாயமாக்க ஒரு வரி போதும்.

கல்வி அமைச்சும் ஒதுங்கி நிற்க முடியாது. மலையில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் சிற்றுண்டிச் சாலையில் நாசி லெமாக் இல்லாத வாரம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு அரசே கூடுதல் உணவுத் திட்டத்தில் சோறு போடுகிறது. அந்தத் தட்டில் விழும் கடலையின் வரலாறு என்ன? குத்தகைக்காரர் எங்கே வாங்கினார்? கேட்டுப் பதிவு செய்த தலைமையாசிரியர் இருந்தால் அவரைப் பாராட்டுவோம். கேட்கும்படி உத்தரவு போடாத அமைச்சைக் கண்டிக்கிறோம். பிள்ளையின் உடல் சிறியது. பெரியவர் தின்னும் அதே பிடிக் கடலையில் உள்ள நஞ்சு பிள்ளையின் எடைக்குப் பல மடங்கு. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் இரத்தத்தில் இந்த நஞ்சின் தடயத்தை ஆப்பிரிக்காவில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

தோட்ட நிர்வாகங்களும் விலகி நிற்க முடியாது. தோட்டத்துக் கடை இருக்கும் நிலம் நிர்வாகத்தின் நிலம். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் தாய் மலைச்சரிவுக்குப் போகிறாள். அங்கே குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கில் வர வேண்டும். ஆலையில் இருக்கும் ஈரமானியை வாரத்துக்கு ஒரு நாள் தோட்டத்துக் கடைப் பக்கம் அனுப்ப முடியாதா? தானியத்துக்கு ஏற்ற கருவி வேறு என்றால் ஒன்று வாங்க முடியாதா? ஒரு நிர்வாகம் ஒரு நாள் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் வாங்கலாம்.

மொத்த வியாபாரிகளிடமும் ஒரு சொல். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. தோல் நீக்கிப் பொறுக்கினால் கெட்ட பருப்பு கண்ணில் பட்டுவிடும். காகிதப் பட்டை போன்ற சோதனைப் பட்டை வந்து பல ஆண்டு ஆகிறது. கடலையை அரைத்துக் கரைத்து அதில் நனைத்தால் நிமிடங்களில் முடிவு தெரியும். ஐதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையம் ஏழை நாட்டு உழவர் சங்கங்களும் பயன்படுத்தக்கூடிய மலிவான சோதனை முறையை எப்போதோ உருவாக்கிக் கொடுத்துவிட்டது. மலாவி உழவனுக்கு எட்டியது மலேசிய மொத்த வியாபாரிக்கு எட்டவில்லை என்றால் யார் நம்புவார்?

பொறுக்கித் தள்ளிய கெட்ட கடலை எங்கே போகிறது என்பதையும் கேட்கிறோம். முழுக் கடலையில் பூஞ்சணம் கண்ணில் படும். தூளாக்கிவிட்டால் படாது. சத்தே குழம்பில் படாது. ரோஜாக்கில் படாது. கடலை மிட்டாயில் வெல்லம் கசப்பையும் மூடிவிடும். கழித்த கடலை எத்தனை கிலோ, அதை எங்கே அழித்தார்கள் என்று ஒவ்வொரு கிடங்கும் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு இல்லாத கழிவு மறுபடி சந்தைக்குத்தான் வரும்.

சிறு வியாபாரிகளை நாம் இந்த வரிசையில் நிறுத்தவில்லை. ஈப்போ புந்தோங்கில் எட்டயபுரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கச்சாங் பூத்தே வறுத்து விற்றுப் பெயர் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் மூட்டைக்கும் சான்று வேண்டும். சான்றில்லாத மூட்டையை அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் பிறகு சோதனை என்ற பெயரில் அவர்கள் கடையில் போய் நிற்பது வீரம் அல்ல. மேலே பிடியுங்கள். இறக்குமதியாளரைப் பிடியுங்கள்.

பிடிக்க முடியாதா? அமெரிக்காவில் ஒரு கடலை ஆலையின் முதலாளி கிருமி இருப்பது தெரிந்தே சரக்கை அனுப்பினார். அங்கே அது பூஞ்சணம் அல்ல, சால்மோனெல்லா. 9 பேர் இறந்தார்கள். 2015இல் நீதிமன்றம் அவருக்கு 28 ஆண்டு சிறை விதித்தது. நம் சட்டத்திலும் பத்து ஆண்டு என்று எழுதியிருக்கிறது. எழுதியது எழுதியபடியே கிடக்கிறது.

இன்னொன்றையும் அமைச்சு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் இந்த நஞ்சைத் தின்றால் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். மலேசியா பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். நல்ல வேலை. ஆனால் தோட்டத்தில் இன்று பேரப்பிள்ளை பார்க்கும் வயதில் இருப்பவர்கள் அதற்கு முன்பே பிறந்தவர்கள். காலையில் பிரட்டு என்னும் ஆளெண்ணலுக்கு நின்று, கூடை சுமந்து, அட்டைக் கடி வாங்கிக் காலத்தைக் கழித்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இரத்தச் சோதனை நடந்திருக்கிறது? தானா ராத்தா மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. ஊசி அங்கேயே இருக்கிறது. தோட்டத்துக்குப் போய்ச் சோதிக்க ஒரு வண்டியும் இரண்டு தாதியரும் வேண்டும். அவ்வளவுதான்.

கென்யாவில் 2004இல் நஞ்சேறிய சோளம் தின்று 125 பேர் இறந்தார்கள். வீட்டில் ஈரத்தோடு சேமித்த சோளம். அந்தச் சாவுக்குப் பிறகு அந்த அரசு கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் சோளத்தை அள்ளி மாற்றியது. சாவு வந்த பிறகு செய்தது. நமக்குச் சாவு 1988இலேயே வந்துவிட்டது. இன்னொன்றுக்குக் காத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே இவை உடனே நடக்க வேண்டும்.

கேமரன் மலையில் விற்கும் கடலையிலிருந்து, கடைகளிலும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளிலும் தோட்டத்துக் கடைகளிலும், முறைப்படி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். முறைப்படி என்றால் கையளவு அல்ல. வரம்பு மீறிய தொகுதியை அன்றே கடையிலிருந்து எடுக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த பணத்தை இறக்குமதியாளர் திருப்பித் தர வேண்டும். அப்போதுதான் கடைக்காரர் ஒளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

விளைந்த நாடு, இறக்குமதியாளர், தொகுதி எண், உரித்த மாதம் ஆகிய நான்கும் எழுதாத சாக்கை மலையில் யாரும் விற்கக் கூடாது. பொட்டலத்தில் வரும் உணவுக்கு இறக்குமதியாளர் பெயரும் நாட்டின் பெயரும் ஏற்கெனவே கட்டாயம். சில்லறைக்குப் பிரித்த மறுநொடியே அந்தக் கட்டாயம் காணாமல் போவதை அமைச்சு இத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டு இருந்தது. இனிச் சாக்கோடு சீட்டும் கடையில் நிற்க வேண்டும்.

துறைமுகத்தில் கடலைக்குத் தாளைப் பார்த்து வழிவிடும் பழக்கம் முடிய வேண்டும். இந்தோனேசியா திருப்பிய சரக்கு எதுவும் இங்கே இறங்கவில்லை என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் இறங்கியது எவ்வளவு, எங்கே போனது என்று சொல்ல வேண்டும்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒரே ஓர் அதிகாரியின் பெயர் இதற்குப் பொறுப்பாக அறிவிக்கப்பட வேண்டும். குழு வேண்டாம். குழுவில் பொறுப்பு கரைந்துவிடும். கசந்த கடலையைப் பொட்டலத்தோடு கொண்டுவந்து மேசையில் வைக்கும் தொழிலாளிக்கு, ரசீதும் தேதியும் போட்டு, இத்தனை நாளில் முடிவு என்று எழுதிக் கொடுக்கும் ஆள் வேண்டும்.

முதல் சோதனைப் பட்டியல் வரும் தீபாவளிக்கு முன்பு வெளிவர வேண்டும். பலகாரத்துக்குக் கடலை வாங்கும் காலம் அது. எந்தத் தொகுதி தேறியது, எது தேறவில்லை, யார் இறக்கியது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், கம்போங் ராஜா கடைத்தெருக்களிலும் ஒவ்வொரு தோட்டத்தின் பிரட்டுக் களத்திலும் ஒட்ட வேண்டும். தமிழில், மலாயில், வங்காளத்தில், நேபாளியில். அடியில் அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.